காஞ்சோண்டி பட்ட கைக்கு எந்தப் பச்சிலை?

2023 ஜனவரி 8

மாரி முடிந்து வளவு முழுவதும் பச்சை பிடித்துக் கிடக்கிற இந்த நாட்களில், தெற்கு வேலியின் கிளுவங்கதியால்களில் ஏறியிருந்த கொடிகளை நேற்று வெறுங்கையால் இழுத்தேன். அவற்றுள் காஞ்சோண்டியும் இருந்தது. முன்கை முழுவதும் தீப்பட்டது போல எரிந்து, சில நிமிடங்களில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. சிறு வயதில் அம்மம்மா செய்தது நினைவுக்கு வரவே, அதே வேலியடியில் நின்ற குப்பைமேனியில் ஒரு பிடி பறித்து, உப்புக்கல்லுடன் கசக்கித் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் எரிவு அடங்கிவிட்டது.

நஞ்சு முளைக்கும் இடத்திலேயே அதற்கு மாற்றும் முளைக்கும் என்று பழையவர்கள் சொன்னது உண்மை என்றே நான் கருதுகிறேன். காஞ்சோண்டிக்குக் குப்பைமேனி. தீவகத்திலும் வடமராட்சியிலும் வன்னியிலும் வேறு இலைகளைப் பயன்படுத்துவோர் இருப்பீர்கள். எந்த இலை, எப்படிப் பூசுவது, எவ்வளவு நேரத்தில் ஆறும் என்று எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்காக ஒழுங்காக எழுதி வைக்க விரும்புகிறேன்.

2023 ஜனவரி 9

எந்தக் காஞ்சோண்டி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி சரியானது, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்வது வேலியில் சுற்றிப் படரும் மெல்லிய கொடி. இலை ஓரம் வாள்பல் போல இருக்கும், காய் மூன்று பிரிவாக இருக்கும், தண்டிலும் இலையிலும் காயிலும் சுணை இருக்கும். தமிழ்நாட்டில் செந்தட்டி என்றும், ஏடுகளில் சிறுகாஞ்சொறி என்றும் சொல்லப்படுவது இதுவே. தாவரவியலில் திராஜியா இன்வொலுக்ராட்டா. ஆமணக்கின் குடும்பம். குப்பைமேனியும் அதே குடும்பம் என்பதைப் பார்த்தபோது, நேற்று எழுதிய பழமொழிக்கு வலுக் கிடைத்தது போல மகிழ்ந்தேன்.

பூனைக்காலி வேறு. அது அவரை இனத்துக் கொடி. அதன் காயின்மேல் உள்ள பொன்னிற மயிர்தான் கடிக்கும், இலை கடிக்காது. இரண்டையும் சிலர் காஞ்சோண்டி என்றே அழைப்பதால் மருந்தும் குழம்பிவிடுகிறது.

2023 ஜனவரி 15

ஒரு வாரம் இதே நினைவாக இருந்ததில், சிறிய சோதனை ஒன்றைச் செய்தேன். காஞ்சோண்டி இலையை இரண்டு முன்கைகளிலும் ஒரே அளவாகத் தொட்டுக்கொண்டு, இடக் கைக்குக் குப்பைமேனியும் உப்பும் தேய்த்தேன். வலக் கையை ஒன்றும் செய்யாமல் மேசைமீது வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். இடக் கை 35 நிமிடத்தில் அடங்கியது. வலக் கை ஏறத்தாழ அதே நேரத்தில் அடங்கியது. வேறுபாடு என்று சொல்வதானால், தேய்த்த கை மறுநாள் காலையிலும் சிவந்து, தொட்டால் குத்தியது. தேய்க்காத கையில் தடமே இல்லை.

இதன் காரணத்தைப் படித்து அறிந்துகொண்டேன். இந்தக் கொடியின் சுணை ஒவ்வொன்றினுள்ளும் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்கு ஊசி ஒன்று இருக்கிறது. தொட்டவுடன் அந்த ஊசி தோலைத் துளைக்க, சுணையினுள் இருக்கும் எரிச்சல் நீர் அந்தத் துளை வழியே இறங்குகிறது. இங்கிலாந்தில் எரிச்சலூட்டும் ‘நெற்றில்’ (nettle) என்ற செடியின் மயிரோ சிலிக்கா நுனி உடைந்து குழல் ஊசி போல வேலை செய்வது. அதற்குள் ஹிஸ்டமின், அசற்றைல்கோலின் போன்ற எரிச்சலூட்டும் பொருட்கள் இருக்கின்றன. அந்த நாட்டவரும் அந்தச் செடி பட்டால் அருகில் முளைத்த ‘டொக்’ என்ற செடியின் இலையைத் தேய்ப்பார்கள். மருந்து பக்கத்திலேயே முளைக்கும் என்பது அங்கும் நம்பிக்கை. இரண்டு நாட்டிலும் எரிவு தானாகவே தணிகிற நேரமும், மனிதர் இலை தேடிப் பறித்துத் தேய்த்து முடிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன.

ஒரு மனிதனின் இரண்டு கைகளை வைத்து எதையும் நிலைநாட்ட முடியாது என்பது தெரியும். ஆனாலும் 8ஆம் திகதி எழுதியதை அதே உறுதியோடு இன்று எழுத மாட்டேன்.

2023 ஜனவரி 16

முன்னோரின் அனுபவத்தைத் தள்ளிவிட்டேன் என்று ஒருவர் வருந்தி எழுதியிருக்கிறார். அந்த வருத்தத்தைப் படித்த பிறகு இரவு நெடுநேரம் நித்திரை வரவில்லை. அம்மம்மா உண்மையில் என்ன செய்தார் என்பதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன்.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். பனங்காய் பொறுக்கப் போன இடத்தில் வடலிக்குள் விழுந்து, இரு கால்களிலும் காஞ்சோண்டி பட்டு அழுதுகொண்டு ஓடி வந்தேன். அவர் முதலில் என் இரு கைகளையும் தம் ஒரு கையால் பிடித்துக்கொண்டார், சொறிய விடவில்லை. பிறகு குசினியில் இடியப்பத்துக்குக் குழைத்து வைத்திருந்த அரிசிமாவில் ஓர் உருண்டை எடுத்து, காலில் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. ஒற்றிய மாவைத் திரும்பப் பாவிக்காமல் அடுப்புக்குள் போட்டார். அதன் பின்னர் கிணற்றடிக்குக் கூட்டிச் சென்று, துலாவால் அள்ளி அள்ளிக் காலில் தண்ணீர் ஊற்றினார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் இலை வந்தது. அதையும் கசக்கிச் சாற்றை மட்டும் விட்டார்.

நான் ஐம்பது ஆண்டுகளாக இலையை மட்டும் நினைவில் வைத்திருந்து, மாவையும் தண்ணீரையும் மறந்திருக்கிறேன். அவர் செய்ததில் சுணையை எடுப்பது முதலில் இருந்தது. நானோ சுணையின்மேல் உப்புக்கல்லை வைத்துத் தேய்த்து அதை உள்ளே அனுப்பியிருக்கிறேன். தவறு என்னுடையது; அவருடையதன்று.

2023 ஜனவரி 17

இலை எதுவென்று கேட்டவருக்கு: இப்போது நினைத்தால் அது தும்பையாகவும் இருக்கலாம். குப்பைமேனி என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

2023 பெப்ரவரி 26

வன்னியில் நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த காணியைத் துப்புரவாக்கப் போனவர், பூனைக்காலிக் காய்கள் உலர்ந்து நின்ற பற்றைக்குள் கத்தியோடு இறங்கி, கழுத்து, முதுகு, கை எல்லாம் கடித்து இரண்டு இரவு உறங்காமல் கிடந்ததாக எழுதியிருக்கிறார். மாசி, பங்குனியில் காய் முற்றிக் காற்றிலும் மயிர் பறக்கும். கொடியைத் தொடாமலே படும். கடைக்குச் சென்று ஒவ்வாமைக் குளிசை வாங்கிப் போட்டும் பயனில்லையே, மருந்து பழையதோ என்று கேட்கிறார்.

மருந்து பழையதாக இருக்க வேண்டியதில்லை. பூனைக்காலி மயிரில் மியூகுனேன் என்ற புரதப் பிளப்பி நொதி இருப்பதாக 1955இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது தோலின் நரம்பு முனைகளில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளை நேரடியாக எழுப்புகிறது என்பது 2008இல் காட்டப்பட்டது. அதாவது அந்தக் கடி பெரும்பாலும் ஹிஸ்டமின் வழியாக வருவதில்லை. ஹிஸ்டமினைத் தடுக்கும் குளிசை அதனால்தான் அங்கே சோர்ந்து போகிறது. காஞ்சோண்டியில் தடிப்பு எழும்பும். பூனைக்காலியில் தடிப்பு அதிகம் இராமல் கடி மட்டும் உயிரை வாங்கும். இரண்டும் பட்டவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கும்.

எனவே எந்த இலையைத் தேடுவதற்கும் முன்னர் மயிரை எடுக்க வேண்டும். உடுப்பை உதறாமல் கழற்றி வெளியிலேயே வைத்து, பட்ட இடத்தில் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டிப் பிய்த்து எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிய துண்டு பாவித்து, அதன் பிறகு சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். துவாயால் அழுத்தித் துடைப்பது மயிரைப் பரப்பிவிடும். அம்மம்மாவின் இடியப்ப மா செய்ததும் ஒட்டுநாடா செய்வதும் ஒரே வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் ஒட்டுநாடா கிடையாது.

2023 பெப்ரவரி 27

ஒட்டுநாடாவைக் கண் இமையிலும் உதட்டிலும் சிறு குழந்தையின் மெல்லிய தோலிலும் பயன்படுத்த வேண்டாம். நேற்று இதைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

2023 மே 21

காஞ்சோண்டியிலிருந்து மாமரத்துக்கு வந்திருக்கிறோம். கறுத்தக்கொழும்பான் காலத்தில் இது தவிர்க்க முடியாதது. கொக்கத்தடியால் பறிக்கும்போது காம்பு முறிந்து பீச்சிய பால் தங்கையின் மகனுடைய கன்னத்திலும் உதட்டோரத்திலும் பட்டு, மறுநாள் வெந்து கறுத்தது. அவன் மாம்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்றவன். வாயைச் சுற்றியும் சொறி.

மா, மரமுந்திரிகை, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். வண்ணார் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டைச் சாறும், மரமுந்திரிகைக் கொட்டை சுடும்போது கையை வேகவைக்கும் எண்ணெயும், மாங்காய்ப் பாலும் உறவுப் பொருட்கள். சுணை குத்துவது போல உடனே தெரியாமல், இந்த எண்ணெய் தோலுக்குள் இறங்கி, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக் கொப்புளமாக வரும். ஒருமுறை உடல் அதைப் பகையாக அறிந்துகொண்டால் அடுத்த முறை சிறிதளவே போதும்.

மாம்பழம் பறிப்பவர்கள் காம்பைச் சற்று நீளமாக விட்டுப் பறித்து, பின்னர் காம்பை ஒடித்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடிய விடுவது பழத்தின் தோல் கறுக்காமல் இருக்க மட்டுமே என்று நினைத்திருந்தேன். அது தின்பவரின் உதட்டுக்கும் காவல்.

பையனுக்கு முதலில் தேங்காயெண்ணெய் பூசினோம். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன்: கழுவாத தோலில் எண்ணெய் பூசினால் பாலின் எண்ணெயும் அதனோடு சேர்ந்து பரவும். சவர்க்காரத்தால் கழுவிவிட்டு, காய்ந்த பிறகு எண்ணெய் பூசுவதில் குறையில்லை. என் மணிக்கட்டில் பட்ட இடத்துக்குத் தேசிக்காயை வெட்டித் தேய்த்தேன். நன்றாக இருக்கிறது.

2023 மே 28

கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர் இதைப் படித்துவிட்டு நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். அங்கே காட்டுப் பாதைகளில் நடப்பவர்களுக்குப் பாய்சன் ஐவி என்ற கொடி பெரிய தொல்லை. அதுவும் மாமரத்தின் குடும்பமே. அதன் எண்ணெய்க்கு உருஷியோல் என்று பெயர். அந்தக் கொடியால் ஒருமுறை பாதிக்கப்பட்டவர் பிறகு மாம்பழத் தோலைத் தொட்டாலும் சொறி வரலாம் என்று அங்குள்ள மருத்துவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். சிறு வயது முழுவதும் எங்கள் வளவு மாமரத்தில் குடியிருந்தவர் அவர். இப்போது கடையில் மாம்பழத்தைப் பொலித்தீன் பையால் பிடித்து எடுக்கிறாராம்.

அங்கும் பாய்சன் ஐவிக்கு மருந்து அதன் அருகிலேயே ஈரநிலத்தில் முளைக்கும் ஜுவல்வீட் என்ற செடி என்று சொல்வார்கள். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் வழிவந்த வைத்தியம். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தச் செடியை அப்படியே மசித்துப் பூசியபோது சொறி குறைந்தது. ஆனால் சாதாரணச் சவர்க்காரம் அதனினும் நன்றாக வேலை செய்தது. செடியில் உள்ள சப்பொனின் என்ற நுரைப் பொருளே எண்ணெயைக் கழுவி எடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பச்சிலை வைத்தியத்தைக் குறைத்துப் பேசும் செய்தியாக இதைச் சிலர் எடுத்துக்கொள்ளலாம். எனக்கோ அந்த மக்கள்மீது மதிப்புக் கூடியது. சவர்க்காரம் இல்லாத காட்டில், எண்ணெயைக் கழுவ வேண்டும் என்பதைக் கண்டு, நுரைக்கும் செடி ஒன்றைத் தேர்ந்திருக்கிறார்கள்.

கழுவுவது பத்து நிமிடத்துக்குள் என்றால் நல்லது. நேரம் போகப் போக எண்ணெய் தோலோடு பிணைந்துவிடும். கத்திப் பிடியையும் செருப்பையும் சேர்த்துக் கழுவுங்கள். கொப்புளம் உடைந்து வடியும் நீரால் சொறி பரவுவதில்லை. கழுவாத கத்திப் பிடியால் பரவும்.

2023 மே 29

ஜுவல்வீட் காசித்தும்பையின் இனம் என்று இன்னோரிடத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டு, எங்கள் தும்பையைப் பூசலாமா என்று ஒருவர் கேட்கிறார். பெயரில் மட்டும்தான் உறவு. சிவனுக்குச் சாத்தும் வெள்ளைத் தும்பை துளசியின் குடும்பம். காசித்தும்பை முற்றிலும் வேறு குடும்பம்.

2023 ஜூன் 4

மே 21ஆம் திகதி தேசிக்காய் பற்றி எழுதியதை மீளப் பெறுகிறேன். தயவு செய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

தேசிக்காய் தேய்த்த அன்று கழுவாமலே வெங்காயத் தோட்டத்துக்குச் சென்று, நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். இரண்டாம் நாள் மாலை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, சாறு வழிந்த கோடு எங்கெல்லாம் சென்றதோ அங்கெல்லாம் சிவந்து, பின்னர் நீர்க்கொப்புளம் போட்டது. மாங்காய்ப் பால் ஒரு சல்லிக்காசு அளவு இடத்தில்தான் பட்டது. காயமோ ஒரு சாண் நீளம். மருத்துவரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, தேசிக்காய் பிழிந்தீர்களா என்பது. தேசிக்காய்த் தோலிலும் சாற்றிலும் உள்ள பியூரனோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், தோல் வெந்துபோகிறது. ஆறிய பிறகும் கருந்தழும்பு பல மாதங்கள் நிற்கலாம் என்றார்.

யாழ்ப்பாணத்து வெயிலில், எதற்கெடுத்தாலும் தேசிக்காயைத் தேய்க்கும் எங்கள் பழக்கத்தை எண்ணிப் பார்க்கிறேன். தலைக்கு, பொடுகுக்கு, தேமலுக்கு, பூச்சிக்கடிக்கு. குளித்துக் கழுவிவிட்டால் தீங்கில்லை. பூசிக்கொண்டு வெயிலில் இறங்குவதுதான் கேடு.

2023 ஜூலை 16

கள்ளி, எருக்கு பற்றி மூன்று பேர் கேட்டிருப்பதால் ஒரே இடத்தில் எழுதுகிறேன். இதில் பச்சிலைக்கு இடமே இல்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி ஆகியவற்றின் பால் தோலில் பட்டால் எரித்துக் கொப்புளம் போடும்; கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். எருக்கம்பால் இன்னும் வஞ்சகமானது: சில வேளை கண்ணில் வலி பெரிதாக இல்லாமலே பார்வை மங்கும், வலி இல்லையே என்று மனிதர் வீட்டில் இருந்துவிடுவார்கள். என் தகப்பனார் கள்ளி வேலி வெட்டியபோது கண்ணில் பால் தெறித்து, ஒருவர் தாய்ப்பால் விடச் சொல்ல, ஒருவர் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்ல, இரண்டும் விட்டு அரை நாள் வீணானது. பார்வை பிழைத்தது, ஆனால் அந்தக் கண் ஒரு மாதம் வெளிச்சம் தாங்கவில்லை. கண்ணைத் திறந்து பிடித்து, சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எருக்கம்பாலை முள் எடுக்கப் பூசுபவர்கள், பூசிய விரலைக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 6

கரணைக்கிழங்கு அரிந்த கைக்கு: அதிலும் கல்சியம் ஒட்சலேற்று ஊசிகளே. அரிவதற்கு முன் கையில் எண்ணெய் பூசிக்கொள்வதும், கறிக்குப் பழப்புளி விடுவதும் எல்லாக் குசினியிலும் உள்ள வழக்கம். கடி வந்த பின் கையில் பழப்புளி தேய்ப்பது எனக்கு ஒருமுறை பலித்தது, இரண்டு முறை பலிக்கவில்லை.

2023 நவம்பர் 19

மழை தொடங்கியதும் பார்த்தீனியம் முளைத்துவிட்டது. 1987இல் இந்திய அமைதிப் படையோடு வந்த ஆடுகளால் விதை பரவியது என்று எங்கள் பக்கத்தில் பரவலாகச் சொல்வார்கள். எப்படி வந்ததாயினும், இன்று தரிசுத் தோட்டங்களை அது மூடி நிற்கிறது.

இது குத்துவதும் இல்லை, சுடுவதும் இல்லை. அதிலுள்ள பார்த்தெனின் என்ற பொருளுக்கு உடல் மெல்ல மெல்ல ஒவ்வாமை பெறுகிறது. பல ஆண்டுகள் வெறுங்கையால் பிடுங்கிய அயலவர் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் முகம், கழுத்து, முழங்கை மடிப்பு, கண் இமை எல்லாம் தடித்து வெடிக்கத் தொடங்கியது. இத்தனை காலம் ஒன்றும் செய்யாத செடி இன்று ஏன் செய்யும் என்று அவர் நம்ப மறுத்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு மீண்டும் அதே தறைக்குப் போனார். காய்ந்த செடியின் தூளும் காற்றில் வந்து படும் என்பதால், பூச்சு எதுவாக இருந்தாலும் செடியிலிருந்து விலகாதவரை ஆறாது. பூப்பதற்கு முன், ஈர மண்ணில், கையுறையும் நீளக்கைச் சட்டையும் அணிந்து பிடுங்குவதே வழி. ஒவ்வாமை வந்துவிட்டவர் அந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிட வேண்டும்.

2024 ஜனவரி 21

குப்பைமேனி வெளியே பூசினால் சுணைக்குப் பயனில்லை என்றால் சாற்றைக் குடித்தால் கடி தணியுமா என்ற கேள்விக்கு உடனே மறுமொழி எழுத வேண்டியிருக்கிறது. வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறப்பிலேயே குறைந்தவர்களுக்குக் குப்பைமேனி உள்ளே சென்றால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். அந்த இலை சேர்ந்த கஞ்சி குடித்து அவ்வாறு ஆனவர்களைப் பற்றி 1996இல் இலங்கை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். தமக்கு அந்தக் குறை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சிறுநீர் கறுத்துப் போனால் தாமதிக்க வேண்டாம். தேர்ந்த சித்த வைத்தியர் ஆளைப் பார்த்து அளவோடு கொடுப்பது வேறு. நாமாகக் கசக்கிக் குடிப்பது வேறு.

மாட்டுச் சாணம் பூசலாமா என்று கேட்டவருக்கும் இதே மறுமொழி. சொறிந்து தோல் உரிந்த இடத்தில் சாணம் பட்டால் ஏற்புவலி வரலாம்.

2024 பெப்ரவரி 4

தெற்கு வேலியை இன்று மீண்டும் துப்புரவாக்கினோம். இந்த முறை சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, கொடியை அடியில் வெட்டி, வாடவிட்டு, பிறகு இழுத்தோம். வாடிய கொடியிலும் சுணை உயிரோடுதான் இருக்கிறது என்பதைப் பேத்தி தன் கணுக்காலால் கண்டுபிடித்தாள். மாவை ஒற்றி, தண்ணீர் ஊற்றி, சோற்றுக்கற்றாழையின் மஞ்சள் பாலை வடியவிட்டு உள்ளே இருந்த வழுக்கையை மட்டும் வைத்தோம். கற்றாழை மருந்தோ குளிர்ச்சியோ தெரியாது. ஆனால் அவள் சொறிவதை நிறுத்தினாள், அந்த அளவில் அதற்கு நன்றி சொல்வேன்.

2024 பெப்ரவரி 5

மா எந்தப் பதம் என்று கேட்டிருக்கிறீர்கள். இடியப்பத்துக்குக் குழைப்பதிலும் சற்று இளக்கமாக, ஆனால் தோலில் அப்பிக்கொள்ளாத பதம். வறுக்காத மா ஒட்டாது. வறுத்த அரிசிமாவைக் கொதிநீரில் குழைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு, சிறு தேசிக்காய் அளவு உருண்டையாக எடுத்து ஒற்ற வேண்டும். ஒரு காலுக்கு ஏழெட்டு உருண்டை எங்களுக்குத் தேவைப்பட்டது. ஒற்றியதைக் கோழிக்குப் போடாமல் அடுப்பில் போடுங்கள்.